ஆளுக்கு மூன்று செடி

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிஎலயில் மகள் படிக்கும் பள்ளியில், ஏழாம் வகுப்புக்குப் புதிர்க்கணக்கு வகுப்பு தொடங்கினார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் வாசித்த பட்டியலில் அவள் பெயர் இல்லை.

“வீட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தாங்க” என்றார்.

வழக்கம்போல் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த மகள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

“ஒரு புதிரைக் குடுங்க சேர்.”

மூன்று சதுரங்களை ‘ட’ போலச் சேர்த்துக் கரும்பலகையில் வரைந்தார். ஒரே வடிவத்தில், ஒரே அளவில் நான்காகப் பிரிக்க வேண்டும்.

“கவ்வாத்துக் கத்தி கொண்டாந்தீங்களாண்ணே?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

கவ்வாத்து நேரம், தேயிலைச் செடிகளை நறுக்கிவிடும் வெட்டுக்காரர்களுக்கு மலையைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் நிரை நிரையாகக் கோடு போட்டேன். வடிவம் ஒத்துவரவில்லை. அழித்துவிட்டு, ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு செடி என்று வைத்தேன். மொத்தம் பன்னிரண்டு. மும்மூன்றாக வளைத்தேன்; நான்கு சின்ன ‘ட’ வந்தன.

“ஆளுக்கு மூணு செடி. சரியா சேர்?”

“சரிதாங்க.”

“அப்ப அவ பேரை எழுதுங்க.”

எழுதினார். ஆனால் எனக்கு விடை வராமல் போயிருந்தாலும் அந்த இடம் அவளுக்கு உரியதுதான். பட்டியலில் இல்லாத மற்றப் பிள்ளைகளுக்கும் உரியதுதான். அதை அங்கேயே சொல்லாமல் வந்தது என் தப்பு. இப்போது சொல்கிறேன்.

ஐப்பசி 14, ஞாயிற்றுக்கிழமை.