நண்டு தாண்டாத மதகு

மகளின் அறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கும். டெமோ அதற்கு வெளியே வந்து நின்று, ஒருமுறை செருமிக்கொண்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். "ஒண்ணும் வேணாம்ப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அதில் கோபம் இருக்காது, சலிப்பும் இருக்காது. கோபமாக இருந்தாலாவது உள்ளே போய்ச் சமாதானம் செய்யலாம். மரியாதையை என்ன செய்வது? அவர் திரும்பிப் போய்க் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பதினான்கு வயது மகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார இடம் கிடைக்காதா என்பதுதான் இப்போது அந்த மனிதருக்கு இருக்கும் ஒரே கவலை. அவள் சின்னவளாக இருந்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், சிரித்துவிட்டுத் தன் மடிக்கணினியைத் திறந்திருப்பார்.

டெமோ என்பது அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி, வைத்த பெயர். தன் அக்காவைக் கட்டிக்கொண்ட இவர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள், "ஒரு சின்ன டெமோ காட்டவா?" என்று கேட்டுக் கணினியைத் திறந்து வைத்தாராம். திரையில் ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தின் மேல் குதித்தது. எல்லோரும் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இன்றுவரை போகவில்லை. மனைவிகூட ஆள் இல்லாத நேரத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவருக்கு அந்த நாட்களில் மூன்று வேலைகள். மகளை அவர் வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் ஒருவேளை ஒழுங்காகக் கவனித்திருப்பார்.

முதல் வேலை சோறு போடும் வேலை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில், ஒரே அறையில் நடந்த ஸ்டார்ட்அப். எந்தக் கடையில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருளை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அதைத் தொடங்கியவரைத் தலைவர் என்பார்கள். டெமோவைவிட வயதில் சின்னவர், ஆனால் பேச்சில் கெட்டிக்காரர். சம்பளம் தள்ளிப்போகும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நாம் எங்கேயோ போய்விடுவோம் என்பார். சொன்னபடியே ஒருநாள் போனார். தனியாகப் போனார்.

இரண்டாவது, உயிரான வேலை. டெமோ சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனி, பெரிய கூட்டம் எதுவும் கிடையாது. படம், ஓசை, நிரல் எல்லாம் அவர் ஒருவரே. வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒரு நண்டுதான் கதாநாயகன். கூடு கிடைக்காமல் ஒரு பழைய தகர டப்பாவை மாட்டிக்கொண்டு அலைகிறது. கரையோரமாக நடந்து, மேடு பள்ளம் தாண்டி, கடைசியில் தனக்கென்று ஒரு சங்கில் குடிபுக வேண்டும். இதைச் செய்ய மதியச் சாப்பாட்டு நேரத்தையும் விடுமுறை நாட்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தார். வீட்டிலிருந்து கிள்ளினோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வேலை அப்புறம் வருகிறது.

கேம் செய்கிறவர்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு கூட்டத்தில் சந்தித்த அனுபவசாலி ஒருவர் அதை டெமோவுக்குச் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் செய்ததை வேறொருவர் விளையாடும்போது பக்கத்தில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தவித்தாலும் வழி சொல்லக் கூடாது, முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. எங்கே சிக்குகிறார், எவ்வளவு நேரம் சிக்குகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உதவி செய்தால் சோதனை கெட்டுவிடும். நல்ல விதிதான். தொழிலில் இருப்பவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

டெமோவுக்கு விளையாடிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் ஏழு வயதில் ஒருத்தி இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூடத்து விரிப்பில் உட்கார வைத்து, கையில் டேப்லெட்டைக் கொடுத்து, விதியைச் சொன்னார். அப்பா பேச மாட்டேன், நீயும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது, சரியா? அவள் பெரிய ரகசியத்தைக் கேட்டவள்போல் தலையாட்டினாள். வாரம் முழுக்க அவள் தூங்கியபின் வந்து, எழுவதற்குள் போகிற மனிதர், அந்தக் காலை நேரத்தில் மட்டும் அவளுக்கு முழுசாகக் கிடைத்தார். தோளுக்குத் தோள் ஒட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவளை வேறு யாரும் பார்த்ததில்லை.

அவள் நண்டை மளமளவென்று ஓட்டிக்கொண்டு போய் மதகில் நின்றாள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மதகுக் கதவு. முன்னால் ஒரு தட்டைக் கல். கல்லின் மேல் பாரம் இருந்தால்தான் கதவு திறந்திருக்கும். நண்டு கல்லைவிட்டு இறங்கினால் மூடிக்கொள்ளும். டப்பாவைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு, வெற்றுடம்போடு ஓடித் தாண்ட வேண்டும். டெமோவுக்கு அந்த இடத்தின் மேல் தனி கர்வம். மொத்தக் கேமிலும் அவர் மனதுக்குப் பிடித்தது அதுதான்.

மகள் தாண்டவில்லை. நண்டு கல்லின் மேல் ஏறியது, இறங்கியது, கரையில் உலாத்தியது. அவள் ஏதோ முனகிப் பாடிக்கொண்டு, அவ்வப்போது அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். ஒருமுறை அவர் கையில் சாய்ந்துகொண்டாள். குறிப்பு எடுக்க இடைஞ்சலாக இருந்ததால் கையை மெல்ல உருவிக்கொண்டார். பிற்காலத்தில் இந்த மனிதர் ஆயிரம் தப்புகளை மறந்துவிடுவார். அந்தக் கையை உருவிக்கொண்டதை மட்டும் மறக்கவே மாட்டார்.

அடுத்த ஞாயிறும் மதகுதான். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். அவர் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். பிறகு டப்பாவை மின்ன வைத்தார். பிறகு ஒரு பறவையைக் கொண்டுவந்து, டப்பாவைக் கொத்திக் காட்டச் செய்தார். அவள் பறவையை ரசித்தாள், நண்டு மட்டும் கரையிலேயே உலாத்தியது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் மனைவி, துணி மடித்துக்கொண்டே இதைப் பல வாரங்கள் பார்த்தாள்.

"அவ ஏன் அங்கயே நிக்கிறான்னு அவகிட்டயே கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டா சோதனை கெட்டுடும்" என்றார் டெமோ. சொந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்டால் எது கெட்டுவிடும் என்று அந்தத் தொழிலுக்கு வெளியே யாருக்கும் புரியாது. மனைவிக்கும் புரியவில்லை. அவள் துணியை மடித்தாள்.

மூன்றாவது வேலை அப்போதுதான் முளைத்தது. அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சரக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, அதையே நண்டின் பக்கம் திருப்பினால் என்ன என்று தோன்றியது. தானாகவே விளையாடி, தப்புச் செய்து செய்தே படித்துக்கொள்ளும் ஒரு நிரலை நோண்ட ஆரம்பித்தார். அது ஆரம்பத்தில் சுவரில் முட்டியது, தண்ணீரில் விழுந்தது, நின்ற இடத்தில் சுற்றியது. கடைசியில் படித்துக்கொண்டது. மகள் ஒரு ஞாயிறு உலாத்துகிற நேரத்துக்குள் அது மதகை எத்தனையோ முறை தாண்டிவிட்டு வந்தது. டெமோ துள்ளிக் குதிக்காத குறை.

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் மகளிடம் சொன்னார். இனிமேல் நீ ஞாயிற்றுக்கிழமை கஷ்டப்பட வேண்டாம், உனக்குப் பதிலாக இதுவே விளையாடிவிடும் என்றார். அவள் திரையில் தன்னால் ஓடும் நண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அது விளையாடறப்போ நீங்க பக்கத்துல உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டாள்.

உட்கார வேண்டியதே இல்லை, அதுதானே இதில் சௌகரியம் என்று அவர் விளக்கினார்.

"பாவம்ப்பா அது" என்றாள்.

மறுநாள் மருந்துக்கடை மாடியில் டெமோ இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தலைவரும் சிரித்தார். குழந்தைகள் எப்படியெல்லாம் யோசிக்கின்றன பாருங்கள் என்று இருவரும் வியந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நிரல் தாண்டினாலும் மகள் தாண்டவில்லையே என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. இயந்திரம் தாண்டி என்ன புண்ணியம், விளையாடப் போவது குழந்தைகள் அல்லவா? மதகையே எடுத்துவிட்டார். மொத்தக் கேமிலும் பிடித்த இடம் அது, ஆனாலும் எடுத்தார். புது வடிவத்தை மகளிடம் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் சங்குவரை போய்விட்டாள். சபாஷ் என்று தட்டிக்கொடுத்து, அவ்வளவுதான், போய் விளையாடு என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் மற்ற நாட்களோடு சேர்ந்துகொண்டன.

கேம் வெளிவந்தது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். அழகாக இருக்கிறது, ஆனால் நின்று யோசிக்க ஓர் இடமும் இல்லை, ஓட்டமாக ஓடி முடிந்துவிடுகிறது என்று எழுதினார்கள். டெமோ மதகை நினைத்துக்கொண்டார். அதன் பிறகு தலைவர் பெரிய நிறுவனம் ஒன்றில் போய்ச் சேர்ந்தார்; மருந்துக்கடை மாடி காலியானது; டெமோ ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கணினிப் பிரிவில், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வரக்கூடிய வேலையில் உட்கார்ந்தார். ஒருவழியாக அவருக்கு நேரம் கிடைத்தது. அதற்குள் மகள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். பாடத்தில் சந்தேகம் என்றால் தானே தேடிப் படித்தாள். தோழிகளோடு மனஸ்தாபம் வந்தபோது தானே அழுது, தானே முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தானாக நிற்கிற பெண் என்று ஊரே மெச்சியது. டெமோவும் வெளியே மெச்சினார்.

போன விடுமுறையில் மைத்துனர் தன் ஐந்து வயது மகளோடு வந்தார். அந்தக் குட்டி வீட்டைத் தலைகீழாக்கி, அலமாரி அடியிலிருந்து பழைய டேப்லெட்டை இழுத்துப் போட்டது. சார்ஜ் போட்டதும் அதற்கு உயிர் வந்தது. உள்ளே இன்னும் அந்தப் பழைய நண்டு, அவர் அழிக்காமல் விட்டிருந்த, அம்புக்குறி வருவதற்கும் முந்தைய வடிவம். மகள் தன் அறையிலிருந்து வந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே விரிப்பில் உட்கார்ந்தாள். டெமோ கையில் டீயோடு பின்னால் நின்றார்.

கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று குட்டி சிணுங்கியது. மகள் யோசிக்கக்கூட இல்லை.

"டப்பாவைக் கழட்டி அந்தக் கல்லு மேல வை. அப்புறம் அப்படியே ஓடு."

டப்பா இல்லாத நண்டு வெட்கப்பட்டு ஓடுவதைப் பார்த்துக் குட்டி விழுந்து விழுந்து சிரித்தது. டெமோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா. மொத நாளே தெரியும். நீங்க டீ எடுக்கப் போனப்போ ஒரு தடவை தாண்டிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திட்டேன்."

"எதுக்கு?"

"தாண்டிட்டா முடிஞ்சுடும் இல்ல? நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க." சின்ன வயதுக் குறும்பைச் சொல்லுகிறவள்போல் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குட்டியின் விரலைப் பிடித்து அடுத்த மேட்டில் நண்டை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"பேசக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

டீ ஆறிப்போனது. அம்புக்குறியும் பறவையும் வைத்து அவளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்த மனிதர், அவள் வழி தெரியாமல் நிற்கவில்லை என்பதை ஏழு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டார். தனக்காக நின்றிருக்கிறாள். வாரம் தவறாமல், சலிக்காமல், அப்பா பக்கத்தில் இருக்கட்டும் என்று நின்றிருக்கிறாள். அவர் அந்த மதகைப் பிடுங்கி எறிந்துவிட்டு சபாஷ் சொல்லியிருக்கிறார். மைத்துனர் என்னவோ கேலி பேசினார், டெமோ காதில் அது விழவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் கிளம்பியபின், அன்று அவர் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே போய் மகளின் மேசைப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னப்பா என்று கேட்டாள். சும்மாதான், நீ போடு என்றார். அவள் போட்டாள். பழைய பழக்கத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அது உறைத்ததும் அவசரமாக, "எங்கயாவது சிக்கினா சொல்லும்மா, நான் சொல்லித் தரேன்" என்றார்.

"சரிப்பா" என்றாள்.

அவர் பேனாவையே பார்த்தார். எங்கேயாவது நிற்காதா என்று பார்த்தார். அது வரிக்கு வரி இறங்கி, பக்கத்தின் அடிக்கு வந்து, அடுத்த பக்கத்துக்குப் போனது. அவளுக்கு எந்த இடத்திலும் தயக்கம் வரவில்லை. கடைசிக் கணக்கின் கீழே ஒரு கோடு இழுத்து, நோட்டை மூடி வைத்தாள்.

"முடிஞ்சுதுப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து போவதற்காக மரியாதையாகக் காத்திருந்தாள்.