ஆறாவது டிஃபென்ஸ்மேனும் என் அப்ரைசலும்

இன்று மதியம் ஆபீஸ் பேன்ட்ரியில் என் மேனேஜர் முரளி, தயிர்சாதத்தோடு சேர்த்து ஐஸ் ஹாக்கியையும் பிசைந்துகொண்டிருந்தார்.

"நேத்து மேட்ச் பாத்தீங்களா? நம்ம டீம்ல கடைசி ஆளா இறங்கற அந்த ஆறாவது டிஃபென்ஸ்மேனை எதுக்கு வெச்சிருக்காங்க? சீசன் முழுக்க ஒரு கோல் உண்டா?"

"கோலைத் தடுக்கறதுதான் அவன் வேலை, முரளி. அவன் ஐஸ்ல நிக்கும்போது எதிர் டீம் கோலே போடறதில்லையே."

"அதான் சொல்றேன். அவன் வந்தா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. பொடென்ஷியலே இல்ல. வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிடணும்."

நிபுணர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். போன மாதம் பக்கத்து ஊர் பிரிட்ஜ்வாட்டரில் ஐஸ் ஸ்கேட்டிங் போனபோது, குழந்தைகள் விழாமலிருக்கப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பெங்குவினைக் கட்டிக்கொண்டு நகர்ந்தவர் இவர். பின்னால் நின்று அழுத குழந்தைக்குக்கூட அதை விட்டுக்கொடுக்கவில்லை.

டப்பாவைக் கழுவிவிட்டு இருவரும் நேராக என் அப்ரைசலுக்குப் போனோம். கம்பெனி சர்வர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

முரளி லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷம் பெரிய இஷ்யூ எதுவுமே வரலையே. அப்ப நீங்க என்னதான் பண்ணீங்க?"

"வராம பாத்துக்கிட்டேன்."

"அது ஓகே. ஆனா விசிபிலிட்டி பத்தல. ப்ரமோஷன் அடுத்த வருஷம் பாக்கலாம்."

நாளைக் காலை ஒரு சர்வரை நானே படுக்கவைத்து, நானே எழுப்பி, ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். இந்த வழியில் ப்ரமோஷன் வாங்கியவர்கள் கூச்சப்படாமல் கமெண்டில் வரவும்.