கல்லின் மேல் ஏறி நின்ற வேலம்மாள் அத்தை

மதுரைப் பெரியாஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்த, கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ் எங்கள் வீட்டருகே நின்றது. கண்டக்டர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அத்தை போயிட்டாகம்மா. உங்க அப்பா உடலோட பின்னால வர்றாக," என்றார்.

கம்பத்தில் பாதிப் பிள்ளைகளைத் தம் கையால் பூமிக்கு இறக்கிய மருத்துவச்சி, என் அப்பாவின் தங்கை, வேலம்மாள் அத்தை அப்படித்தான் எங்களைவிட்டுப் போனார்கள்.

பிரசவம் பார்ப்பதால் ஊரின் கொல்லைப்புறமெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பள்ளி இல்லாத நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கம்பத்தை அப்போதுதான் பார்த்தேன். செக்கடியில் எடைக்கல்லாகக் கிடக்கும் பீரங்கிக் குண்டு. சாவடித் தூணில் ஆழமாய் ஓர் அரிவாள் தடம். அந்த வெட்டுக்குக் குனிந்து தப்பியவரின் பேரன் இன்று அந்தத் தூணில் மாடு கட்டுகிறார். ஒரு வீட்டின் பின்கதவில் ஈட்டி துளைத்த ஓட்டை. குழந்தைகள் அதில் விரலை விட்டு விளையாடும்.

"நம்ம ஊர்ல பார்க்க லட்சணமா இருக்கிறதெல்லாம் அடிபட்டதுதான்டி," என்று அத்தை சிரிப்பார்கள்.

சென்ற மாதம் வாய்க்கால் துறையில் கால் கழுவும்போது, துவைகல்லுக்கு அடியில் கைவிட்ட அத்தைக்குச் செதுக்கிய கால்விரல்கள் தட்டுப்பட்டன. ஆட்களை அழைத்துக் கடப்பாரையால் புரட்டினோம். மூன்று அடுக்குச் சிற்பம். கீழே, மாடுகளுக்கு நடுவே ஒருவன் வாளோடு விழுந்து கிடக்கிறான். நடுவில், இரண்டு பெண்கள் ஒருவனைத் தோளைப் பிடித்துத் தூக்குகிறார்கள். உச்சியில், ஒருவன் லிங்கத்தின் முன் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான்.

மேலே இருப்பவன் தங்கள் பாட்டன், கீழே வெட்டுப்பட்டவன் தெற்குத் தெருவான் என்றது வடக்குத் தெரு. அதனால் திருவிழாவில் முதல் மரியாதை இனித் தங்களுக்கே என்றது. கல்லையே இல்லாமல் செய்துவிடுவோம் என்றது தெற்குத் தெரு.

செய்தி கேட்டதும் அத்தை ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். தெற்குத் தெரு மாயாண்டி சம்மட்டியோடு நின்றான். எதிர்க்கரையில் வடக்குத் தெரு அரிவாளும் கம்புமாய்த் திரண்டிருந்தது. அத்தை கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டார்கள்.

"ஏலே, மூணும் ஒரே ஆளுதாம்லே! மாட்டை மீட்கப் போய்க் கீழ செத்தவனைத்தான் தேவலோகத்துப் பொம்பளைக தூக்கிட்டுப் போறாக. அவன்தான் மேல சாமிகிட்ட உக்காந்திருக்கான்."

"செத்தவன் எப்படி உக்காருவான்? நீங்க பிள்ளைப்பேறு பார்க்கிற வேலையைப் பாருங்க," என்றான் மாயாண்டி. இரு கரையிலும் சிரித்தார்கள்.

"நீ கால் முந்தி வந்தவன்லே. உன் ஆத்தாளும் நீயும் பாதி செத்துட்டீக. இந்தக் கைதான் இழுத்துப் போட்டுச்சு. சம்மட்டியைக் கீழ போடு."

அவன் அத்தையைத் தள்ளிவிட்டு ஓங்கி அடித்தான். கல் நடுவில் பிளந்தது. வடக்குத் தெரு வாய்க்காலைத் தாண்டிக் குதித்தது. ஒருவனின் காது அறுந்து தொங்கியது. இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தான். மாயாண்டி யாரிடமிருந்தோ ஒரு கம்பைப் பிடுங்கினான். அத்தை எழுந்து, கைகளை விரித்துக்கொண்டு இடையில் போனார்கள். நாலைந்து கம்புகள் ஒன்றாய் ஏறி இறங்கின. தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். எந்தக் கம்பு என்று நான் பார்க்கவில்லை.

மதுரை பஸ்ஸில் ஏற்றக் கொண்டுபோன மாட்டுவண்டியில் என் மடியில் கிடந்தபோது அத்தை ஒருமுறை கண்ணைத் திறந்தார்கள். "அந்தக் காதை ஒட்ட வச்சு இறுக்கிக் கட்டச் சொல்லுடி," என்றார்கள். பிறகு பேசவில்லை.

உடல் வந்து இறங்கியபோது, எங்கள் கம்பு இல்லை என்று இரண்டு தெருவும் வாசலில் நின்று சத்தியம் செய்தன. மாயாண்டி போலீஸ் காவலில் இருக்கிறான். அவனுடைய தாயார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அத்தையின் வலக்கையை எடுத்துத் தம் வயிற்றோடு அழுத்திக்கொண்டார்.

"தாயி, என் மகன்தானா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

பாடையில் ஏற்றும் நேரம் வந்தும் அவர் விடவில்லை. அம்மாவும் நானும் விரல் விரலாகப் பிரித்து எடுத்தோம்.

அத்தை, அடித்தது யார் என்று நீங்களும் பார்க்காமலே போயிருக்க வேண்டும். அது ஒன்றுதான் இப்போது என் வேண்டுதல்.