மருதமரத்தடி விரிப்பு

ராத்திரி வேலை பார்க்கிறவர்களே, நீங்களாவது பூட்டிய கதவையோ ஓடுகிற எந்திரத்தையோ காவல் காக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் விழித்திருப்பது வௌவால் எச்சத்துக்கு.

பத்தாவதோடு நின்ற நான், பகலில் தூக்கம் பிடிக்காமல் புத்தகம் படித்துப் படித்தே ஒரு விலங்கியல் பேராசிரியையிடம் வேலைக்குச் சேர்ந்தவன். பயந்த உடம்பில் ஊறுகிற சுரப்பு எச்சத்திலும் தெரியுமாம். தாமிரபரணிக்கு இக்கரையில் உள்ள ஊரில் வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வேட்டுப் போடுவதில்லை, அக்கரையில் போடுவார்கள். அந்த வௌவாலுக்கும் இந்த வௌவாலுக்கும் பயத்தில் வித்தியாசம் உண்டா? தீபாவளிக்கு மறுநாள் விடியலில் விழுகிற எச்சம்தான் சொல்லும். தவறினால் ஒரு வருஷம் போச்சு.

ஒரே வம்சம்

எச்சத்தை வைத்து உறவுமுறையும் கண்டுபிடிப்பார் பேராசிரியை. இரு கரை வௌவாலும் ஒரே வம்சம் என்று தெரிந்த அன்று டீக்கடை அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். டீ ஆற்றுவதை அப்படியே நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அப்போ சொக்காரங்க, பங்காளிங்கன்னு சொல்லும். அக்கரையில பொண்ணெடுக்க முடியாதுல்லாவே?"

அலசிய விரிப்பு

முதல் தீபாவளிக்கு மறுநாள். இருட்டோடு, இக்கரை வௌவால்கள் தொங்குகிற மருதமரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டேன். வௌவால்கள் திரும்பின, எச்சமும் விழுந்தது. பேராசிரியையையும் ஐஸ் பெட்டியையும் கூட்டிவர மெயின் ரோட்டுக்குப் போனேன். வந்து பார்த்தால் மரத்தடி தூத்துப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலத்தோடு இருக்கிறது. விரிப்பு கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பேச்சியக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா உக்காருததுக்குப் போட்ட விரிப்புல வௌவா பேண்டு வச்சிருந்துது தம்பி. ஆத்துல அலசிக் காயப்போட்டிருக்கேன்."

அக்காவின் காவல்

நடந்ததைப் பையச் சொன்னதும் அக்கா அழுதுவிட்டார். மறுவருஷம், வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் வாசல் தெளிக்கவில்லை. கை தானாகத் தூத்துவிடும் என்று வாரியலை மச்சில் போட்டுவிட்டு, என்னோடு விரிப்புக்குக் காவல் இருந்தார். அக்கரையில் எடுத்ததோடு இந்த எச்சமும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

சில மாதம் கழித்துப் பேராசிரியை நேரில் வந்து முடிவைச் சொன்னார்: அக்கரை வௌவால்கள் கலங்கிப்போயிருந்தன, இக்கரையில் கலக்கமே இல்லை. அக்கா மரத்தை அண்ணாந்து பார்த்துப் பூரித்தார். சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"அக்கரையில மூச்சு விட்டுராதீங்கம்மா. அங்கன உள்ளதும் இங்கன வந்துட்டுன்னா, இருக்குத கிளை காணாதுல்லா?"

ராத்திரி விழித்திருக்கிற நம் கலக்கத்தை அளக்க இன்னும் யாரும் நமக்குக் கீழே விரிப்புப் போடவில்லையே என்று எனக்கும் வருத்தம்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் மானமும் தப்புகிறது.