சாவி இல்லாத டிராக்டர்

எங்கள் அத்தைக்குப் பிறந்த வீட்டில் கிடைத்த பங்கு, செத்துப்போன ஒரு டிராக்டர். பங்கு என்று நான்தான் கௌரவமாகச் சொல்கிறேன். கொடுத்த பெரியப்பா அதைக் கேலியாகத்தான் கொடுத்தார்.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மாமா பட்டறையில் நின்ற நேரத்தைவிடப் பிராந்திக் கடையில் நின்ற நேரம் அதிகம். பட்டறைக்கு வந்த வேலையை முடித்துக் கொடுத்தது அத்தை. சாயங்காலம் அடி வாங்கியதும் அத்தை. ஏழு வருஷம் பொறுத்தவள், ஒருநாள் காலை பசுவந்தனை பஸ்ஸிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி நடந்து வந்தாள். போட்டு அனுப்பிய நகை ஒன்றுகூடத் திரும்பவில்லை. கையில் ஒரு ஸ்பானர் பெட்டி இருந்தது.

வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பா அவருக்கு முன்னால் தும்மக்கூட மாட்டார். நான்கு பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, தங்கச்சியை மறுபடி கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பெரியப்பா முடிவு சொன்னபோது அத்தை குறுக்கே பேசினாள்.

"நான் போவல. அப்பா சொத்துல எனக்கும் உண்டும்லா, அத வச்சு நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

பெரியப்பா சிரித்தார். முற்றத்து வேப்பமரத்தடியில் தாத்தா காலத்து டிராக்டர் ஒன்று பல வருஷமாக நின்றது. எஞ்சின் இறுகிப்போய், முன்சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் அரையடி இறங்கி, சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கையால் காட்டினார்.

"பங்குதான வேணும்? அந்தா நிக்கி, எடுத்துக்கோ. இந்தப் புரட்டாசி விதைப்புக்கு இது உழுதுச்சுன்னா நீ இங்கன இரு. உழலன்னா வெதச்ச மறுநாளு வாயத் தொறக்காம பஸ் ஏறிரணும்."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"நாலு பேரு முன்னால சொல்லிட்டிய. மாத்திப் பேசப்பிடாது அண்ணே."

கரிசல் காட்டில் மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அந்த விதைப்புக்கு மூன்று மாதம் இருந்தது. அத்தை கோழியை விரட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. டீசலையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊற்றி, நாலு நாள் ஊறவிட்டு, கட்டை வைத்துத் தட்டித் தட்டி அவற்றை இளக்கினாள். தேய்ந்த சிலிண்டர்களைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட எஞ்சினைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த ஊரில் எத்தனையோ லேத் பட்டறைகள் இருக்கின்றன. அத்தை கொண்டுபோனது மாமா பட்டறைக்கு நேர் எதிர்ப் பட்டறைக்கு! வேலை முடியும்வரை அந்த வாசலில் ஸ்டூல் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

டீசல் பம்பில் ஒரு திருகு உண்டு. இதற்குமேல் டீசல் போகக்கூடாது என்று கம்பெனிக்காரன் அளவு வைத்து, ஈயத்தால் சீல் அடித்திருப்பான். அத்தை அந்தச் சீலைக் கட்டிங் பிளேயரால் பிய்த்து எறிந்தாள்.

"இதுக்கு மேல போவாதன்னு சொல்ல இவன் யாருட்டி?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, திருகை ஒரு சுற்று உள்ளே விட்டாள். எஞ்சின் முதல்முறை உயிர் பெற்றபோது வந்த கரும்புகையில் அம்மா காயப்போட்டிருந்த வேட்டி, சேலை எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடியும் துவைத்தாள்.

அடுத்தது ஸ்டியரிங். அந்தக் காலத்து வண்டியில் அதைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். அத்தைக்கு இடது தோள்பட்டை சரியில்லை. மாமா ஒருமுறை முறுக்கிவிட்டதில் வந்தது. 'எஞ்சின் ஓடி என்ன, பொம்பளை கையால் வளைக்க முடியுமா' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவள் தூத்துக்குடிக்குப் போய், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த ஒரு வண்டியிலிருந்து பவர் ஸ்டியரிங்கைக் கழற்றி வாங்கி வந்தாள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் எண்ணெய் ஒரு குழாய் வழியே போய் முன்சக்கரங்களை அந்தப் பக்கம் தள்ளும்; மறுபக்கம் திருப்பினால் இன்னொரு குழாய். சுண்டுவிரலால் திருப்பலாம்.

அந்த இரண்டு குழாய்களையும் மாட்ட வேண்டிய இடுக்கில் அத்தையின் கை நுழையவில்லை. அஞ்சாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் கை நுழைந்தது. அத்தை வெளியிலிருந்து சொல்லச் சொல்ல நான்தான் நட்டுகளை முடுக்கினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் டிராக்டர் செய்தது நான் என்றே சொல்லியிருந்தேன்.

ஓட்டிப் பார்க்க ஊருக்கு வெளியே களத்துக்குக் கொண்டுபோனோம். வாசலிலிருந்து களம்வரை நேர்பாதை என்பதால் அதுவரை ஒன்றும் தெரியவில்லை. களத்தில் அத்தை இடது பக்கம் திருப்பினாள். வண்டி வலது பக்கம் திரும்பி, யாரோ அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்புக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

அத்தை தலையில் ஒட்டிய தட்டையோடு உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நான் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன். விஷயம் புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால்தான் அத்தை பஸ் ஏறப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எதுக்குட்டி அழுத? ரெண்டு நட்டு. கழத்தி மாட்டுனா அஞ்சு நிமிச வேல."

"இப்பவே மாட்டிருதேன் அத்தை."

அத்தை கீழே இறங்கினாள். வண்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

அந்த நாளை வரவே இல்லை. தினமும் மத்தியானம், ஊர் உறங்கும் நேரத்தில், களத்துக்குப் போய் எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பியே ஓட்டினாள். முதல் வாரம் படப்பு பாதியானது. இரண்டாவது வாரம் கல் வைத்து, அதைச் சுற்றி எட்டுப் போட்டாள். நான் ஸ்பானரோடு பின்னாலேயே அலைந்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

புரட்டாசியில் அத்தை உழுதாள். எங்கள் காட்டையும் உழுது, கேட்டவர்கள் காட்டையும் உழுதாள். வேடிக்கை பார்க்கத் தெருவே வந்தது. சேலையைத் தூக்கிச் செருகியிருப்பதைப் பார்த்தார்கள், புகையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். அவள் கையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

விதைத்த பத்தாம் நாள் மழை கொட்டியது. பெரியப்பாவின் புத்தம்புது டிராக்டர், டிரெய்லர் நிறைய ஆட்டு எருவோடு ஓடைக்கு அந்தப் பக்கம் கரிசலில் புதைந்துவிட்டது. நனைந்த கரிசல் லேசில் விடாது. சக்கரம் சுற்றச் சுற்றக் கீழேதான் போகும். மூன்று ஜோடி மாடு கட்டி இழுத்தும் அசையவில்லை. கடைசியில் அப்பாதான், வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியப்பாவைக் கேட்காமல், அத்தையைப் போய்க் கூட்டிவந்தார்.

அத்தை ஓடைக்கரையில், சக்கரம் புதையாத சரளைக்கல் மேட்டில் வண்டியை நிறுத்தி, சங்கிலியைப் பின்னால் தாழ்வாகக் கட்டினாள். முதல் கியரில் அந்தக் கிழ வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு முனகியது. முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு ஒரு சாண் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. அப்புறம் புது டிராக்டரும் டிரெய்லரும் எருவும், அதன்மேல் உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் மெல்ல மெல்ல மேடேறி வந்தார்கள். நான் தொண்டை வலிக்கும்வரை கத்தினேன்.

மறுநாள் பெரியப்பா எனக்குக் கடம்பூர் போளி வாங்கி வந்தார். அப்படிப்பட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. இரண்டாவது போளியில், அத்தை வண்டிச் சாவியை எங்கே வைக்கிறாள் என்று கேட்டார்.

"அதுக்குச் சாவியே கிடையாது பெரியப்பா. செவப்புச் சுவிச்சத் தட்டுனாப் போதும்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. போளி இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.

அடுத்த நாள் காலை பெரியப்பா, அதே நான்கு பெரிய மனிதர்களோடு வந்து முற்றத்தில் நின்றார்.

"இது அப்பா வண்டி, குடும்பச் சொத்து. எங்கொட்டகையில நிக்கட்டும். ஒன்னைய நாளைக்கு நானே கோவில்பட்டில விட்டுட்டு வாரேன்."

சாவி இல்லை என்று சொன்னவள் நான். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த கஞ்சித் தூக்குவாளியைக் கீழே வைக்கவில்லை.

"நாலு பேரு முன்னால சொன்னத நாலு பேரு முன்னாலயே மாத்துதிய. சரி அண்ணே. கொண்டு போக முடிஞ்சா கொண்டு போங்க."

பெரியப்பா ஏறினார். சிவப்புச் சுவிட்சைத் தட்டினார். வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. வாசலுக்கு நேரே களத்துப் பாதை. இடது பக்கம் திரும்பினால் பெரியப்பா கொட்டகைக்குப் போகும் தெரு. வலது பக்கம் வேலிக்கருவைப் புதர். இடது பக்கம் ஒடித்தார். வண்டி வலது பக்கம் போனது. முப்பது வருஷம் வண்டி ஓட்டிய அனுபவசாலி அல்லவா, இன்னும் பலமாக இடது பக்கம் ஒடித்தார். வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு கருவை முள்ளுக்குள் நுழைந்து, அணைந்து நின்றது.

சட்டையில் பாதியை முள்ளிடம் விட்டுவிட்டு வெளியே வந்தார். "எளவு, ஸ்டியரிங் எதிர்ப்பக்கம்லா திரும்புது!" என்று கத்தினார்.

"நான்தான் பெரியப்பா…" என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"எனக்குச் சரியாத்தான திரும்புது" என்றாள். ஏறினாள். பின்னால் எடுத்தாள். தெருவுக்குள் ஒரு சுற்று, கிணற்றைச் சுற்றி ஒரு சுற்று, வந்து முற்றத்தில் வேப்பமரத்தடியில் பழைய தடத்திலேயே நிறுத்தினாள். ஒரு கோழிமீதுகூட இடிக்கவில்லை.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை சத்தமாகச் சொன்னாள். தெரு சிரித்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் அந்த நான்கு பெரிய மனிதர்களும் உண்டு.

"இது நான் இருக்க எடத்துலதான் நிக்கும் அண்ணே" என்றாள் அத்தை. சிரிக்காமல்தான் சொன்னாள். அதற்குப் பிறகு கோவில்பட்டிப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

எல்லோரும் போனபின் அத்தை என்னைக் கூப்பிட்டு ஸ்பானர் எடுத்துவரச் சொன்னாள். அப்பாடா, கடைசியில் என் தப்பைச் சரிசெய்யப் போகிறாள் என்று ஓடிப்போய் எடுத்து வந்தேன். கருவை முள்ளில் உரசியதில் குழாய்களில் லேசாக எண்ணெய் கசிந்தது. இடுக்குக்குள் கையை விடச் சொன்னாள், விட்டேன். கழற்றச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ரெண்டையும் நல்லா முடுக்குட்டி" என்றாள். "இருக்கபடியே."

முடுக்கினேன். குழாய்கள் மாறியிருப்பதை அத்தை மறந்துவிட்டாள் என்றும், நல்லவேளை, நாமாக ஞாபகப்படுத்த வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.