இருவரில் யார் அவருடைய அம்மா

குமுளியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எண்பத்தைந்தைத் தாண்டியவர். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். தன் அம்மா ஊமைப்படங்களில் கதாநாயகியாக நடித்தவர் என்று வாடகை பேசிய அன்றே சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் கேட்பதை நிறுத்தவும் இல்லை. அவர் சொன்னதை அன்றன்றைக்கே எழுதி வைத்தேன்.

அந்த அம்மா மதுரைப் பக்கத்து நாடகக் குழுவிலிருந்து சிறு பெண்ணாக மதராசுக்குப் போனவர். அப்போது படப்பிடிப்புக்கு வெயில்தான் விளக்கு. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலை முகத்தில் திருப்புவார்கள். கண் கூசித் தண்ணீர் கொட்டும். "நாங்க அழுததெல்லாம் வெயிலுக்குத்தான்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். பேசும்படம் வந்ததும் பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை. இவருக்குப் பாட்டு வராது. மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு மலையேறி, கொழுந்து கிள்ளப் போய்விட்டார். பெரியம்மாவின் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்தார். ஒரு போட்டோகூட இல்லை.

"மொகமே மறந்துபோச்சு டீச்சரே. அப்பா படம் செவுத்துல தனியாத் தொங்குது. பக்கத்துல அம்மாவையும் மாட்டிட்டா நிம்மதியாப் போயிருவேன்."

அதற்காகப் பலருக்கும் எழுதிக் கேட்டேன். போன மாதம், பழைய படங்களைத் தேடிச் சேர்க்கும் சென்னைக்காரர் ஒருவர் ஒரு துண்டுப் படம் அனுப்பினார். சில நிமிடமே ஓடும். அதில் இரண்டு பெண்கள்: கதாநாயகி, அவளுடைய தோழி. நான் தேடுபவர் இருவரில் ஒருவர், யாரென்று உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

இரண்டு முகத்திலும் ஒரே வெள்ளைப் பூச்சு, ஒரே மை. பெரியம்மாவின் மூக்கையும் தாடையையும் மனதில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்து, கதாநாயகிதான் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பூசை முடிந்து வந்ததும் டிவியில் போட்டோம். ஜீப் ஓட்டும் அவருடைய மகனும் வந்து உட்கார்ந்தார். கதாநாயகி அழுதாள். "அம்மாதான்! என்னா அழகு!" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது ஓரத்தில் நின்ற தோழி யாரையோ கூப்பிட்டாள். ஒரு புருவம் ஏறியது, மோவாய் ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான்.

"இந்தா வாறேன்" என்று பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"யாரும்மா கூப்புட்டா?" மகன் பயந்துபோனார்.

"எங்கம்மாடா."

மெல்ல உட்காரவைத்துக் கேட்டேன். கொழுந்து கிள்ளும்போது வாய் திறந்தால் கங்காணி கத்துவாராம். அதனால் அவருடைய அம்மா செடி வரிசைகளுக்கு மேலே முகத்தைக் காட்டியே கூப்பிடுவார், திட்டுவார், கங்காணியையும் கேலி செய்வார். பள்ளி விட்டு மலைக்கு ஓடும் மகள் அந்த ஒரு புருவத்துக்குத்தான் காத்திருப்பாராம்.

"அப்ப இத்தன வருசமா கதாநாயகின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது?" என்றார் மகன்.

"போடா. அந்தப் பொம்பள சும்மா அழுறா. நடிக்கிறது எங்கம்மாதான்."

மகன் அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் போட்டோ எடுக்கப் பார்த்தார். நின்றதும் தோழியின் முகம் வெள்ளைக் கறையாகக் கலைந்துபோனது. முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தோம், அப்படியேதான். கதாநாயகி மட்டும் எங்கே நிறுத்தினாலும் தெளிவாக இருந்தாள்.

"வேணும்னா இவளையே மாட்டிருவமாம்மா? யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்பா பக்கத்துல எவளோ ஒருத்தியவா? தொலைச்சுப்புடுவேன். நிறுத்தாம ஓட்டுடா நீ."