கதவில் முடியாத பெயர்

அந்தக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது, வருத்தம் அப்புறம்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த தாள், இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள், நாலு மூலையிலும் மஞ்சளாகிப்போன செலோ டேப். மைசூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக் கதவு அது. தாளில் அந்த அறையில் வேலை பார்த்த இரண்டு பேரின் பெயர்கள். மேலே என் பெயர், முழுதாக. கீழே மேடத்தின் பெயர், வெட்டுப்பட்டு. பூர்வீக ஊர் இருந்தது, வீட்டுப் பெயர் இருந்தது, தாத்தாவின் பட்டம் இருந்தது, அதற்குப் பின் அப்பாவின் பெயர் தொடங்கி, கடைசி எழுத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. அவருடைய சொந்தப் பெயர் வரவே இல்லை. பிரிண்டர் ரிப்பன் விற்க வந்த ஆள் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அந்தப் பெரியவரைப் பார்க்க வேண்டும் என்று மேடத்திடமே கேட்டார். அவர் காலமாகிவிட்டார் என்று மேடம் பதில் சொன்னார். அப்பாவைத்தான் சொன்னார், பொய் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரன். எங்கள் பக்கம் அப்பன் பெயருக்கு ஓர் எழுத்து, பிறகு நம் பெயர், அத்தோடு சரி. மேடத்தின் குடும்பம் மேல்கோட்டையிலிருந்து வந்தது. வீட்டில் ஒரு பழைய தமிழ், கடைத்தெருவில் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். கல்லூரியில் பியூன் முதல் பிரின்சிபால் வரை எல்லோரும் அப்படித்தான். எப்போது பார்த்தாலும் களைத்த முகம். நாற்காலியில் உட்காரும்போதே ஒரு பெருமூச்சு வரும். ஆனாலும் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதைப் பாதியில் வைக்கத் தெரியாது. உடன் வேலை பார்ப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விலைக்கு வாங்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமென்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் நிர்வாகம் அடுத்த வருஷம் என்றது. கடைசியில் மேடம் பெங்களூரில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஒரு கட்டு ஃப்ளாப்பிகள் வாங்கிவந்தார். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் எழுதிச் சேர்த்த ஆபரேட்டிங் சிஸ்டம் அது. அதன் நிரல் வரிகளை யாரும் திறந்து படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். இலவசமாக வந்ததால் நிர்வாகத்துக்கு அதன்மேல் மரியாதை இல்லை. எனக்கும் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது, வாரத்தில் ஒருநாளாவது காரணம் இல்லாமல் உறைந்து நிற்கும். ஆனால் ஓசியில் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? அதில்தான் மாணவர்களின் இன்டர்னல் மார்க்குகள் எல்லாம் ஏறின.

அந்த மார்க்குகளில்தான் கலகம் வந்தது. ஒரு வகுப்பின் பட்டியலில் ஒரு பக்கம் முழுக்க மார்க்குகள் கூடியிருந்தன. அந்தப் பக்கத்தில் மேடத்தின் அண்ணன் மகளும் இருந்தாள். அந்த இயந்திரத்தில் எதையும் திறக்கவும் மாற்றவும் அதிகாரம் உள்ள கணக்கு ஒன்றே ஒன்று, அதற்கு ரூட் என்று பெயர். அதன் பாஸ்வேர்டு மேடம் ஒருவருக்குத்தான் தெரியும். பிறகென்ன, ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. வைஸ் பிரின்சிபால் குரலை உயர்த்தாமல் கன்னடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பீகத கை நிம் ஹத்ரானே இத்தல்வா மேடம்?" சாவி உங்களிடம்தானே இருந்தது என்று. மேடம் ஆமாம் என்றார். வேறு என்ன சொல்வது. பாஸ்வேர்டை மாற்றி என்னிடம் ஒப்படைத்தார்கள். விசாரணைக் குழு மறுபடி கூடுவதற்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் சஸ்பெண்ட் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "எனக்கு பயமா இருக்கு சார்," என்றார். "வேலை போனாக்கூட பரவாயில்ல. திருடின்னு பேர் வந்துடுத்துன்னா எங்க போய்ச் சொல்றது? எங்க அண்ணா எங்கிட்ட பேசறதையே விட்டுட்டான். அவன் பொண்ணு அழுதுண்டே காலேஜுக்கு வர்றா." எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "போச்சாதுங்க மேடம், கவலைய விடுங்க, உண்மை வெளிய வராம எங்க போகுது," என்று சொல்லிவைத்தேன். உண்மை தானாக வெளியே வந்ததாக என் அனுபவத்தில் ஒரு தடவைகூட இல்லை.

இந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. பல்கலைக்கழகம் கேட்கிறதாம், ஊழியர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் தங்கள் பெயரை இனிஷியலை விரித்து முழுதாகப் பதிய வேண்டும். என் இனிஷியலை விரித்தால் அப்பன் பெயர் வரும், முடிந்தது. மேடத்துக்கு விரித்தால் மேல்கோட்டையே வரும். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருப்பார்கள். விசாரணையில் இருக்கும்போது இதிலும் குற்றம் சொல்வார்களே என்று பயந்து, ஊர், வீட்டுப் பெயர், தாத்தாவின் பட்டம், அப்பா பெயர், கடைசியில் தன் பெயர் என்று ஓர் எழுத்து விடாமல் அடித்தார். பெயரை மாற்றும் அந்தச் சின்ன நிரல் ஒரு வரி ஆங்கிலத்தில் புலம்பிவிட்டுச் செத்துப்போனது. மறுபடி அடித்தார், மறுபடியும் செத்தது. "சார், நீங்க ஏதாவது மாத்தினேளா?" என்றார். நான் எதையும் தொடவில்லை. "உங்க பேரைத் தாங்க முடியாம மெஷின் மண்டையப் போட்டிருச்சுங்க," என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நிரலின் வரிகளைத் திறக்கச் சொன்னார்.

இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். பெயருக்கென்று நினைவகத்தில் ஓர் அளவு இடம் ஒதுக்கியிருந்தது. இரண்டு சொல்லில் பெயர் முடிந்துபோகிற ஏதோ ஒரு தேசத்துக்காரர் எழுதியது போலிருக்கிறது. வருகிற பெயர் அந்த இடத்துக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்கும் வரி மட்டும் இல்லை. எங்கள் கொள்ளேகால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் நகருங்கள், என்று சொல்லி உட்கார்ந்தால், ஓரத்தில் இருப்பவன் பாதி உடம்பு வெளியே தொங்குவான் அல்லவா, அதேதான் இங்கும். நீளமான பெயர் பக்கத்து இடத்தில் இருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. அந்தப் பக்கத்து இடத்தில்தான் நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு இருந்தது. மேடத்தின் பெயர் அதைச் சிதைத்ததால் நிரல் செத்தது. பெயருக்குப் பதில் ஒருவன் யோசித்து வேறொன்றை எழுதினால் நிரல் அவன் சொல்கிற இடத்துக்குப் போகும். பெயரை மாற்றுவதற்காக அந்த நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுகிறது. ஆக, சாவியே இல்லாமல் யார் வேண்டுமானாலும் ரூட் ஆகிவிடலாம்.

மேடம் அந்த வரிகளை மறுபடி மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அளக்கவே இல்ல, பார்த்தேளா சார்," என்றார்.

குழு கூடிய அன்று எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்கே அழைத்தோம். மேடம் சாதாரண ஊழியராக உள்ளே நுழைந்து, தானே எழுதிய சின்ன நிரல் ஒன்றை ஓட்டினார். பெயர் கேட்ட இடத்தில் அது நீளமாக எதையோ திணித்தது. அடுத்த நொடி அவர் ரூட். பாஸ்வேர்டு என் சட்டைப்பையில் இருந்தது, அவருக்கு அது தெரியாது என்பதை நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். எவனோ ஒரு மாணவன் இப்படித்தான் நுழைந்திருக்க வேண்டும் என்று மேடம் விளக்கினார். யாராவது மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான், முட்டாள், காத்திருந்தேன். வைஸ் பிரின்சிபால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஹாகாத்ரே ஈ சிஸ்டம் தந்தோரு யாரு மேடம்?" என்றார். அப்படியானால் இந்த சிஸ்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். இன்னொருவர், பூட்டை உடைக்கத் தெரிந்தவரிடமே சாவியைக் கொடுத்து வைத்திருந்தோமா என்றார்.

வேலை தப்பியது. திருடி இல்லை என்று தீர்மானித்தார்கள், கவனக்குறைவு என்று எச்சரிக்கை எழுதினார்கள். மார்க்கை மாற்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பாஸ்வேர்டை மறுபடி மேடத்திடமே கொடுத்தார்கள், ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம். அண்ணன் மட்டும் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போதுதான் மேடம் அழுதார்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் ஆசையும் அதுதான். ஆனால் அதே தப்பு அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறதோ என்று மேடத்துக்கு ஒரு நமைச்சல் பிடித்துவிட்டது. பிரிண்டருக்கு அனுப்பும் நிரல், மெயில் அனுப்பும் நிரல், தேதி காட்டும் நிரல் என்று ஒவ்வொன்றாக இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு மத்தியானங்களில் படித்தோம். எங்கெல்லாம் ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஊற்றுகிறதோ அங்கெல்லாம் அளவு பார்க்கும் வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் இருக்காது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் மூன்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சலிப்பான வேலை செய்ததில்லை, களை பிடுங்குகிறவர்களுக்காவது மாலையில் வெறும் மண் கண்ணுக்குத் தெரியும். "எவனோ சோம்பேறித்தனமா எழுதினதை நாம எதுக்குங்க மேடம் சுத்தம் பண்ணணும்?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. "தச்சன் யாரா இருந்தா என்ன சார், இப்ப நம்ம ஆத்துக் கதவு, இல்லியா? தாப்பாள் நாமதான் போட்டுக்கணும்." பெயருக்கான இடத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதாதா என்றும் கேட்டேன். "எவ்வளவு பெரிசு பண்ணினாலும் அதைவிடப் பெரிய பேரோட ஒருத்தர் வருவார். அளக்கணும். மிஞ்சினா வெட்டணும். வேற வழியில்ல," என்றார்.

திருத்தங்களை மோடம் வழியாக, லைன் கிடைக்கும்போதெல்லாம், அந்தத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினோம். பதில் ஒரு வரியில் வரும், சேர்த்துக்கொண்டோம், நன்றி. அடுத்த பதிப்போடு வந்த நன்றிப் பட்டியலில் மேடத்தைத் தேடினேன். இருந்தார், பாதியாக. அனுப்புகிறவரின் பெயரை மெயில் நிரல் ஊழியர் பெயர்ப் பதிவிலிருந்து எடுக்கிறது. அந்தப் பதிவு இப்போது மேடமே திருத்திய நிரல் வழியாகத்தான் போகிறது. அவர் சொன்னபடியே அளந்து, மிஞ்சியதை வெட்டிவிட்டது. ஊருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், தாத்தாவின் பட்டத்துக்குச் சொல்லியிருந்தார்கள், அப்பாவுக்கு முக்கால்வாசி சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் பெயர்த்தாள் அடித்தபோதும் அதே பதிவுதான். சுருக்கிப் போடுங்கள் மேடம் என்று கெஞ்சினேன். "சர்க்குலர்ல விரிச்சு எழுதச் சொல்லியிருக்கா. நிரல் சரியாத்தான் வேலை செய்யறது, சும்மா இருங்கோ," என்று அவரே டேப் வைத்து ஒட்டினார். அதில் ஒரு வீம்பு இருந்தது, அதைவிட அதிகமாக அலுப்பு இருந்தது. எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்போது என் கைபேசி மாதம் தவறாமல் பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறது என்று தொந்தரவு செய்கிறது. என்ன திருத்தம் என்று படித்துப் பார்ப்பேன். அளக்காமல் ஊற்றியதுதான், இன்னமும். யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டே இருக்கிறார். நாம் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். நானும் பல தடவை ஒதுக்கியிருக்கிறேன், யாருக்குத்தான் பொறுமை இருக்கிறது.

மேடம் ஓய்வு பெற்றபோது நினைவுப் பலகை செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேவராஜ மொஹல்லாவில் பெயர்ப்பலகை செதுக்கும் கடைக்குப் போய்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஜாக சாலல்ல சார், ஸ்வல்ப ஷார்ட் மாடி." இடம் போதாது, சுருக்குங்கள் என்றார். இத்தனை வருஷம் உள்ளே கிடந்த எரிச்சல் எல்லாம் அந்தப் பாவப்பட்ட மனிதர்மேல் இறங்கியது. ஓர் எழுத்தை வெட்டினாலும் பலகை வேண்டாம், பெயரை அளந்துவிட்டு அதற்கு ஏற்றபடி மரத்தை அறுங்கள் என்றேன். கிரிக்கெட் மட்டை நீளத்துக்கு வந்து நின்றது. விழாவில் அதை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்து வந்தார்கள், பின்வரிசைகளில் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மேடம் பலகையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அளந்தேளா சார்?" என்றார். "அளந்து போட்டுத்தானுங்க மேடம் செஞ்சது," என்றேன். அவர் ஊர்ப் பெயரில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். வீட்டுப் பெயர், தாத்தாவின் பட்டம். அப்பாவின் பெயரில், கம்ப்யூட்டர் அறைக் கதவில் காகிதம் எங்கே நின்றதோ, அந்த எழுத்தில் விரலும் ஒரு கணம் நின்றது. பிறகு தாண்டிப் போய்க் கடைசிவரை வந்தது.

"இந்தத் தடவை," என்றார் மேடம், "நான் வரைக்கும் வந்துடுத்து."